கோணல்

மைனஸ் முப்பத்தொன்று.
ஏரிக்கரை மர ஆலைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது
வெய்யோ ஹெய்குரா வந்திருந்தார்.
வெய்யோன் வர இன்னும் இரண்டரை மணி நேரம்.

பத்து மணிக்கு வாள் ஓட வேண்டும்.
முற்றத்தில் உறைந்த பைன் கட்டைகள்,
தட்டினால் பீங்கான் போல ஒலிப்பவை.

கட்டுப்பாட்டுப் பெட்டி என்னைவிட ஒரு வயது மூத்தது.
நெற்றியில் ஒரு வாய் அதற்கு.
அன்றிலிருந்து ஃபிளாப்பிகளை மென்று மென்று
இப்போது பாதியைத் துப்புகிறது.

நான் கொண்டுபோனது அதே அளவில் சாம்பல் நிறப் பெட்டி.
மோட்டார் இல்லை, பெல்ட் இல்லை, தேய ஒன்றுமில்லை.
இரண்டு பொத்தான், இரண்டு சிவப்பு இலக்கம்,
பென்டிரைவ் செருக ஒரு துளை.
நூறு ஃபிளாப்பிகள் அதற்குள்
டோக்கன் எண்ணோடு உட்காரும்.

முப்பத்து நான்கு கம்பி நாடாவைக் கழற்றும்போது
சிவப்பு ஓரம் எந்தப் பக்கம் என்று
மணிக்கட்டில் எழுதிக்கொண்டேன்.
தலைகீழாய்ச் செருகி ஒரு பால் பண்ணையை
அரைநாள் நிறுத்தியவள் நான்.

பழைய டிரைவை வெளியே தொட்டியில் எறிந்தேன்.

நாற்பத்தொரு ஃபிளாப்பிகள்.
என் மடிக்கணினியில் நாற்பது பிரதியாகின.
வராததன் லேபிளில் பென்சிலால் ஒரே சொல்:
பக்கனென்.
எங்கள் மொழியில் கடுங்குளிர்.
உறைந்த மரத்துக்குள் வாள் எத்தனை மெதுவாய்ப் போகவேண்டும்,
எந்தப் பல்லுக்கு எவ்வளவு இடைவெளி,
எல்லாம் அதில்தான்.
வருடத்தில் மூன்று மாதமே தேவைப்படுவது.
இன்றைக்குத் தேவை.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன்.
மாற்று டிரைவ் ஒன்றில் போட்டேன், பிறகு இன்னொன்றில்.
படிக்க இயலவில்லை.
படிக்க இயலவில்லை.

"மற்றதெல்லாம் மிஷினோடு வந்தவை" என்றார் வெய்யோ.
"இது இங்கே நான் எழுதியது. அதில்."
அவர் தாடை தொட்டிப் பக்கம் திரும்பியது.

பழைய டிரைவின் தலை
வருடத்துக்கு ஒரு மயிரிழையாகத்
தடம் விலகியிருக்கிறது.
விலகிய இடத்தில் எழுதியது,
விலகிய இடத்திலேயே படித்தது.
ஜாடிக்கேற்ற மூடி.
இரண்டும் ஒரே அளவு கோணல்,
அதனால் கோணல் என்று யாருக்கும் தெரியவில்லை.
நேராய் இருந்த என் டிரைவ்தான்
அதன்முன் கைநாட்டு.

தொட்டிக்குள் இடுப்புவரை இறங்கினேன்.
டிரைவின் மேல் பனி,
பனிக்கு மேல் யாரோ கொட்டிய காப்பித்தூள்.
உள்ளே கொண்டுவந்ததும் அதன் உடம்பெங்கும் நீர் முத்துக்கள்.
இப்போது மின்சாரம் கொடுத்தால் செத்துவிடும்.

மேலாளர் கைசு மூன்று முறை போன் செய்தாள்.
ஏன் இன்னும் வாள் ஓடவில்லை?
டிரைவ் வியர்க்கிறது என்றேன்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இரண்டு மணி நேரம் ரேடியேட்டர் ஓரத்தில்
ஒரு கையுறை மேல் அது கிடந்தது.
நாங்கள் ரொட்டி தின்றோம்.

பிறகு இணைத்தேன்.
கர், கர். பதினேழாம் தடத்தில் நின்றது.
பின்வாங்கி மறுபடி வந்தது.
மறுபடி.
வெய்யோ தொப்பியைக் கழற்றிவிட்டார், எதற்கென்று தெரியாது.
எண்பதாவது தடம் முடிந்தபோது
தொப்பி மீண்டும் தலையில் இருந்தது.

பக்கனென் இனி முப்பத்தேழாம் எண்.

மிஷினுக்கு ஒன்றும் தெரியாது.
தட்டு சுழல்கிறதா என்று அது கேட்கிறது.
சாம்பல் பெட்டி நொடிக்கு ஐந்து முறை
ஒரு சுற்று முடிந்தது என்கிறது.
உள்ளே எதுவும் சுழலவில்லை.
கேட்ட கேள்விக்கு எதிர்பார்த்த பதில்,
மிஷினுக்கு அது போதும்.

பெட்டிக்குள் சின்ன பஸ்ஸர் ஒன்றும் உண்டு,
பழைய டிரைவ் போலக் கரகரக்க.
வேண்டுமா என்று கேட்டேன்.
"வேண்டாம். சத்தம் கேட்டால்
எதுவோ தேய்கிறது என்று ஓடிவருவேன்."

வாள் ஓடியது. முதல் பலகை நேராய் வந்தது.

பில்லில் எழுதினேன்:
ஃபிளாஷ் டிரைவ் பொருத்துதல், நாற்பது நிமிடம்.
பழைய டிரைவ் காய்வதற்கு, இரண்டு மணி.
கைசு எப்படியும் கேட்பாள்.
டிரைவை என் காரின் பின்சீட்டில் வைத்திருக்கிறேன்,
எவ்வளவு கோணல் என்று
இன்னும் அளக்கவில்லை.